டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் உடல் வளர்ச்சியைக் கண்காணிப்பது எப்படி: நெல்லைப் பகுதிப் பெற்றோருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் ஒரு தொடக்க வழிகாட்டி

டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் நிலை) உள்ள பிள்ளையின் எடையை அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் குறித்தவுடன், பெரும்பாலும் இரண்டு தவறான முடிவுகளில் ஏதேனும் ஒன்று எடுக்கப்பட்டுவிடுகிறது. புள்ளி பச்சைப் பட்டைக்குக் கீழே, எடைக்குறைவைக் காட்டும் பட்டையில் விழுந்திருப்பதைக் கண்டு, தாய் சரியாக ஊட்டவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். வேறு சிலரோ, "இந்த மாதிரிப் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அட்டையை மூடி வைத்துவிடுகிறார்கள். முதல் முடிவு தாயை வருத்துகிறது. இரண்டாவது பிள்ளையின் உடம்பையே கெடுக்கிறது. இதயக் குறைபாடு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், குடல் கோளாறு ஆகியவை இப்பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வருகின்றன. இவை ஒவ்வொன்றும் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கக் கூடியது. பெரும்பாலும் இவை அனைத்துக்கும் சிகிச்சையும் உண்டு. டவுன் சிண்ட்ரோமினால் இயல்பாக வரும் மெதுவான வளர்ச்சி எது, அதன் மறைவில் ஒளிந்திருக்கும் வேறொரு நோயினால் வரும் தேக்கம் எது என்று பிரித்தறிவதற்காகத்தான் நாம் அளக்கிறோம். ஒரு நாள் எடுத்த ஓர் அளவைக் கொண்டு இதைப் பிரித்தறிய முடியாது. ஒரே முறையில், ஒழுங்காக, பல மாதங்கள் தொடர்ந்து எடுத்த அளவுகள் தேவை.

முதல் படி: தனியாக ஒரு நோட்டு

தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிக்கென்று இடம் இருந்தாலும், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு அது போதாது. களக்காட்டிலோ மானூரிலோ இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், பிள்ளை பெரும்பாலும் உள்ளூர் அங்கன்வாடியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையிலும், இடையிடையே ஏதேனும் ஒரு தனியார் மருத்துவரிடத்திலும் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு சீட்டில் எழுதப்படும் எண்கள் ஒன்றுசேர்வதே இல்லை. ஆகவே ஒரு தடித்த நோட்டு வாங்கி, தேதி, வயது, எடை, நீளம் அல்லது உயரம், தலைச் சுற்றளவு, எந்த இடத்துத் தராசு, அந்த வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்ததா என்று கோடு போட்டு எழுதி வருவது நல்லது. முதல் பக்கத்தில் பிறந்தபோது இருந்த எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது, தாய் தந்தையரின் உயரம், எக்கோ (இதயத்தை ஒலி அலையால் பார்க்கும்) பரிசோதனையின் முடிவு, தைராய்டு பார்த்த தேதிகள் ஆகியவை இருக்க வேண்டும். அந்தப் பக்கம் இருந்தால் புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்குப் பாதி விசாரணை மிச்சமாகும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை அளப்பது என்பதில் அதிகக் குழப்பம் வேண்டாம். முதல் வயதில் மாதம் ஒரு முறை எடை பார்த்தால் போதும். பால் குடிக்கத் திணறும் பிள்ளைக்கும் இதயக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் மட்டும் மருத்துவர் சொல்லும் குறுகிய இடைவெளியைப் பின்பற்ற வேண்டும். நீளத்தையும் தலைச் சுற்றளவையும் 6, 10, 14ஆவது வாரங்களிலும், 9ஆவது மாதத்திலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் தடுப்பூசிக்குப் போகும் நாட்களோடு சேர்த்துக்கொண்டால் தனி அலைச்சல் இராது. அதன்பின் பள்ளி வயது வரை மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் அளந்து வரலாம். தினமும் தராசில் ஏற்றுவதால் பயன் இல்லை; ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் பாலும் மூத்திரமும்தான்.

பிள்ளையை அடிக்கடி நிறுத்தால் கண்ணு பட்டுவிடும் என்று ஆச்சிமார் தடுப்பது உண்டு. அவர்களோடு வாதாடி வீட்டில் மனக்கசப்பை வளர்க்க வேண்டாம். எண்ணை நாலு பேர் கேட்க உரக்கச் சொல்லாமல் நோட்டில் மட்டும் எழுதிக்கொள்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: எடை பார்த்தல்

தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தொங்கு தராசானால், தொட்டிலைக் கொக்கியில் மாட்டிய பிறகு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கைக்குழந்தையின் உடையையும் ஈரத் துணியையும் கழற்றிவிட்டு நிறுக்க வேண்டும். வெள்ளிக் கொலுசு, காப்பு, தடித்த அரைஞாண் ஆகியவற்றை ஒரு முறை கழற்றி ஒரு முறை விட்டுவிடுவதால், மாதத்தில் ஏறியிருக்க வேண்டிய எடையே மறைந்துபோவது உண்டு. கழற்ற மனம் ஒப்பாவிட்டால், ஒவ்வொரு முறையும் அதே நகைகளோடு நிறுத்து அதையும் எழுதி வைக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் ஏறும் மின்னணுத் தராசில் தாய் தனியாகவும் பிள்ளையோடும் ஏறிக் கழித்துப் பார்க்கும் முறை ஒரு தோராயத்துக்கு உதவும் என்றாலும், சிறு குழந்தையின் 200 கிராம் வேறுபாட்டை அது பல சமயம் காட்டாது. முடிந்தவரை ஒரே தராசில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிறுப்பது நல்லது.

மூன்றாம் படி: நீளமும் உயரமும்

மற்ற அளவுகளைவிட அதிகமாகத் தவறிப்போவது இதுதான். பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை தையல் நாடாவை வளைத்துப் பிடிப்பது அளவே ஆகாது. 2 வயது வரை பிள்ளையைப் படுக்க வைத்து, தலைப்பக்கம் அசையாத பலகையும் கால்பக்கம் நகரும் பலகையும் கொண்ட நீளமானியில் அளக்க வேண்டும். அது அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இருக்கும்.

இதற்கு இரண்டு பேர் கட்டாயம் தேவை. ஒருவர் தலையை இரு கைகளாலும் பற்றி, உச்சி பலகையைத் தொடும்படியும் பார்வை நேர் மேலே இருக்கும்படியும் வைத்திருக்க வேண்டும். மற்றவர் ஒரு கையால் இரு முழங்கால்களையும் மென்மையாக அழுத்தி நீட்டி, மறு கையால் கால்பலகையை உள்ளங்காலோடு பொருத்தி அளவைப் படிக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தசை இறுக்கம் குறைவு, மூட்டுகள் தளர்ந்தவை. அதனால் இவர்கள் உதைத்துத் திமிறுவதைவிட, ஒரு பக்கமாகச் சரிந்து கிடப்பதே அதிகம். இடுப்பு கோணிக் கிடந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கண்ணுக்குத் தெரியாமலே குறைந்துவிடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இப்பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருப்பதால், தலையைப் பிடித்து இழுப்பதோ, முன்னோ பின்னோ வலிந்து வளைப்பதோ கூடாது. நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை தள்ளாடத் தொடங்கினாலோ, கட்டுப்பாட்டில் இருந்த சிறுநீர் தானாகப் போகத் தொடங்கினாலோ, கழுத்து வலியால் தலையை ஒரு பக்கமே சாய்த்துப் பிடித்தாலோ, அளவெடுப்பதை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

2 வயதுக்கு மேல் நிற்க வைத்து அளக்க வேண்டும். செருப்பில்லாமல், குதிகால், பிட்டம், தோள்பட்டை ஆகியவை சுவரையோ கம்பத்தையோ தொட, பார்வை நேராக இருக்க நிறுத்த வேண்டும். இவர்களுக்குப் பின்தலை தட்டையாக இருப்பது இயல்பு. அதைச் சுவரில் படவைக்க முயன்று மோவாயை மேலே தூக்கிவிடக் கூடாது. இரட்டைச் சடையும் உச்சிக் கொண்டையும் அன்று வேண்டாம். தட்டைப் பாதமும் தளர்ந்த முழங்காலும் உள்ள பிள்ளை, நிற்கும்போதே மெல்ல மெல்ல அமிழ்ந்துவிடும். ஆகையால் நேராக நிற்கச் சொல்லி, ஒரு மூச்சு இழுக்க வைத்து, அந்தக் கணத்திலேயே அளவைப் படிக்க வேண்டும். மூன்று முறை அளந்து, ஒத்துவரும் இரண்டின் சராசரியை எழுதலாம். காலையில் அளந்த உயரம் மாலையில் சற்றுக் குறைந்து காணும் என்பதால் நேரத்தையும் மாற்றாமல் இருப்பது நல்லது. படுக்க வைத்து அளப்பதற்கும் நிற்க வைத்து அளப்பதற்கும் இடையே சராசரியாக 0.7 செ.மீ. வேறுபாடு உண்டு. 2 வயதில் முறையை மாற்றும்போது கோடு திடீரென்று சரிவதுபோலத் தோன்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அன்று இரண்டு விதமாகவும் அளந்து எழுதிவிட்டால் பின்னாளில் வீண் கவலை இராது.

தலைச் சுற்றளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நீளாத நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலும் பின்தலையின் மிகவும் புடைத்த பகுதியிலும் சுற்றி, 3 வயது வரை அளக்க வேண்டும். இப்பிள்ளைகளின் தலை பொதுவாகச் சிறியது என்பதால், சிறியதாக இருப்பதைவிட, விறுவிறுவென்று பெரிதாவதையோ வளராமல் நின்றுவிடுவதையோதான் கவனிக்க வேண்டும்.

நான்காம் படி: எந்த வரைபடத்தில் குறிப்பது?

அங்கன்வாடியில் இருப்பது உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வரைபடம். தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளரும் பிள்ளைகள் எப்படி வளர வேண்டும் என்பதை அது காட்டுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கென்று தனி வரைபடங்கள் உள்ளன. அமெரிக்காவில் 1988இல் வெளியானவை நெடுங்காலம் பயன்பட்டு வந்தன. 2015இல் அங்கே புதிதாக அளந்து தயாரித்தவை இப்போது அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, பிறந்தது முதல் 36 மாதம் வரையும், 2 முதல் 20 வயது வரையும் அவை கிடைக்கின்றன. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம். குழந்தை மருத்துவரிடம் கேட்டாலும் ஒரு படி கிடைக்கக்கூடும்.

அதில் கீழிருந்து மேலாக 5, 10, 25, 50, 75, 90, 95 என்று எண்ணிட்ட வளைகோடுகள் இருக்கும். ஒரே வயதுடைய, டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு நிறுத்துவதுபோல உயர வரிசையில் நிறுத்தினால், 25 என்ற கோட்டில் உள்ள பிள்ளைக்கு முன்னால் ஏறத்தாழ 25 பேர் குட்டையாக இருப்பார்கள். அது தேர்வு மதிப்பெண் அன்று. 25இல் இருக்கும் பிள்ளையை 75க்குத் தூக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளை அளந்து போட்ட கோடுகள் என்பதால், குட்டையான பெற்றோருக்குப் பிறந்த நம்மூர்ப் பிள்ளை கீழ்க்கோடுகளை ஒட்டியே போனாலும், அந்தக் கோட்டை விடாமல் போகும்வரை அச்சப்பட வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 12 மாதம் நிறைந்த ஆண்பிள்ளை 7.5 கிலோ இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவன வரைபடத்தில் அந்த வயதுக்கு நடு அளவு 9.6 கிலோ, எடைக்குறைவின் எல்லை 7.7 கிலோ, ஆகவே அவன் எடை குறைந்த பிள்ளையாகப் பதிவாவான். டவுன் சிண்ட்ரோம் வரைபடத்திலோ அதே எடை கோடுகளுக்கு உள்ளேயே அமையும். இரண்டும் பொய் அல்ல. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. அங்கன்வாடிப் பதிவை அழிக்கவோ மாற்றவோ வேண்டாம், அதற்குரிய கூடுதல் உணவையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அத்துடன் தனி வரைபடத்திலும் குறித்து வர வேண்டும்.

தனி வரைபடத்தையும் முழுமையாக நம்பி உறங்கிவிட முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது இப்பிள்ளைகள் எப்படி வளர்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. எப்படி வளர வேண்டும் என்பதைக் காட்டவில்லை. அளக்கப்பட்டவர்களில் பருமனான பிள்ளைகளும் இருந்ததால், எடையில் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டோம் என்று மகிழ்வதற்கு அதில் இடமில்லை. உயரத்தை அந்த வரைபடத்தில் பார்க்கலாம். எடையை எப்போதும் உயரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு 2 வயது வரை வயதைத் திருத்திக் குறிக்க வேண்டும். 34 வாரத்தில் பிறந்த பிள்ளை 6 வாரம் முந்தி வந்திருக்கிறது. ஆகவே நான்கு மாதம் நிறையும்போது அதன் புள்ளியை ஏறத்தாழ இரண்டரை மாதத்துக்கு நேரே போட வேண்டும்.

ஐந்தாம் படி: கோடு சொல்வதைக் கேட்டல்

மூன்று நான்கு புள்ளிகள் சேர்ந்த பிறகே பேச்சு தொடங்கும். எடையும் உயரமும் தத்தம் கோட்டை ஒட்டியே சென்றால், பிள்ளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதன் வளர்ச்சி அதற்கு இயல்பானது. எண்ணிட்ட கோடு ஒன்றைக் கடந்து கீழிறங்கினால் அளவு சரிதானா என்று மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளைக் கடந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எது முதலில் நின்றது என்பதில் பெரிய குறிப்பு இருக்கிறது. எடை முதலில் தேங்கி, உயரம் சில மாதங்கள் கழித்துத் தேங்கினால், உட்கொள்வது குறைவு அல்லது செலவாவது அதிகம் என்று பொருள். கைக்குழந்தைப் பருவத்தில் இதற்கு முதலில் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதய அமைப்பில் குறை இருக்கும் என்பதாலும், பிறந்த சில வாரங்களில் அது காதுக்குப் புலப்படாமல் இருக்கலாம் என்பதாலும், இதயத்தில் இரைச்சல் கேட்காவிட்டாலும் எல்லாருக்கும் எக்கோ எடுக்க வேண்டும் என்பது மருத்துவ உலகின் நிலையான பரிந்துரை. பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, நாலு இழுப்புக்கு ஒரு முறை விட்டு விட்டுக் குடிப்பது, மூச்சு வேகமாக ஓடுவது ஆகியவற்றோடு எடையும் ஏறவில்லை என்றால் அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்கக் கூடாது. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் தேங்கிய எடை மேலேறுவதைப் பல பிள்ளைகளிடம் காணலாம். இதயக் குறை உள்ள குழந்தைக்கு ஓரிரு நாளில் எடை திடீரென்று கூடினால் மகிழ வேண்டாம். அது உடம்பில் தங்கிய நீராக இருக்கலாம்.

உயரம் நின்றுபோய் எடை மட்டும் ஏறினால் முதலில் நினைக்க வேண்டியது தைராய்டு. மலச்சிக்கல், உலர்ந்த தோல், சோம்பல் ஆகியவை டவுன் சிண்ட்ரோமிலும் காணப்படுவதால், அறிகுறியை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. பிறந்தபோதும், 6ஆவது மாதத்திலும், ஒரு வயதிலும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் தைராய்டைத் தூண்டும் சுரப்பை அளக்கும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மாத்திரை எழுதப்பட்டால் அதை இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

எடை குறைவதோடு வயிறு உப்பி, மலம் அடிக்கடி இளகிப் போய், இரத்தசோகையும் இருந்தால், கோதுமையிலுள்ள புரதம் ஒவ்வாத சீலியாக் நோயையும் மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். நாங்கள் அரிசி தின்கிறவர்கள் என்று சொல்லி இதைத் தள்ள முடியாது. சப்பாத்தி, ரவை உப்புமா, புரோட்டா, பிஸ்கட், அங்கன்வாடிச் சத்துமாவு எல்லாவற்றிலும் கோதுமை உண்டு, நம்மூர் அல்வாவே கோதுமைப் பாலில் கிண்டுவதுதானே. ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். குறட்டை, தலையைப் பின்னால் சாய்த்து உறங்குவது, உட்கார்ந்த நிலையிலேயே உறங்கிவிடுவது ஆகியவையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்ந்தவை என்பதால் அவற்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும் இத்தகைய தேக்கத்தைக் கண்டால், அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பரிந்துரை பெற்றுத் தரலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோமும் சேர்க்கப்பட்டிருப்பதால், 18 வயது வரை இந்த வழி திறந்திருக்கிறது. தென்காசிப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் ஆரம்பநிலைப் பயிற்சிப் பிரிவையும் அணுகலாம்.

உணவைப் பற்றி

முதல் இரண்டு ஆண்டுகளில் சிக்கல் எடை ஏறாமை. அதன்பின் பல பிள்ளைகளுக்குச் சிக்கல் தலைகீழாக மாறுகிறது. வாய்த்தசை தளர்ந்த குழந்தைக்குத் தண்ணீராகக் கரைத்த கஞ்சியைப் பாலாடையில் ஊற்றுவதைவிட, பிசைந்த சோறு, பருப்பு, நெய், உளுந்தங்களி, மசித்த நேந்திரம்பழம் என்று கரண்டியில் நிற்கும் பதத்தில் சிறிது சிறிதாக, நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுவது பலன் தரும். ஒவ்வொரு வாய்க்கும் புரையேறினால் பேச்சு, விழுங்குதல் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். 3 வயதுக்கு மேல் இவர்களின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவு. பாவம் பிள்ளை என்று உறவினர் ஒவ்வொருவரும் கையில் திணிக்கும் முறுக்கும் மிட்டாயும் பால் டீயும்தான் பள்ளி வயதில் எடைக்கோட்டை மேலே தள்ளுகின்றன. உயரம் கூட்டும் பொடி என்று விற்கப்படும் டப்பாக்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றே: அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

பத்து வயதுக்குப் பின்

2 வயதிலிருந்து எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, உயரத்தை அதனாலேயே பெருக்கி, அந்த எண்ணால் எடையை வகுத்து உடல் பருமன் குறியீட்டைக் கணக்கிடலாம். 125 செ.மீ. உயரமும் 30 கிலோ எடையும் உள்ள பிள்ளைக்கு அது 19.2. பத்து வயதுக்கு மேல் இந்த எண்ணை டவுன் சிண்ட்ரோம் வரைபடத்தில் பார்க்காமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பொது வரைபடத்தில் பார்ப்பதே சரி. தனி வரைபடம் அந்த வயதில் பருமனை இயல்பாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

பருவமடைதல் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளின் வயதிலேயே வருகிறது. ஆனால் அதையொட்டிய உயரப் பாய்ச்சல் சற்று முந்தி வந்து, சிறிதளவோடு முடிந்துவிடுகிறது. 2002இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆண்களின் இறுதி உயரம் சராசரியாக 161.5 செ.மீ., பெண்களின் உயரம் 147.5 செ.மீ. என்று காணப்பட்டது, நம்மவர்கள் அதைவிடக் குட்டையாக இருப்பதில் வியப்பில்லை. ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் மாறாமல் இருந்தால் உயரம் அளப்பதை நிறுத்திக்கொள்ளலாம். எடையை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், தைராய்டை ஆண்டுக்கு ஒரு முறையும் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. 18 வயதில் குழந்தைகள் பிரிவிலிருந்து பொது மருத்துவப் பிரிவுக்கு மாறும் நாளில் அந்த நோட்டையும் வரைபடங்களையும் கொண்டுபோய்ப் புதிய மருத்துவரிடம் காட்ட வேண்டும்.